குத்துக்காலுக்கு அஞ்சு சீப்பு

ராஜா என்றால் வாளும் யானையும் அந்தப்புரமும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் என் வீட்டுக்காரரோடு ஒரு மாதம் குடித்தனம் நடத்திப் பார்த்திருக்க வேண்டும். அவருக்குக் கல்வெட்டுப் படி எடுக்கிற வேலை. கோயில் கோயிலாகப் போய், கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த காகிதத்தை அதன் மேல் ஒட்டி, பிரஷ்ஷால் அடி அடியென்று அடித்து, அப்புறம் மையை ஒற்றி ஒற்றி எடுப்பார். எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும், மற்ற இடமெல்லாம் கறுப்பு. வீட்டுக்கு வரும்போது அவரும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் வருவார். அவர் காது மடலில் இருக்கிற மையைப் போக்கவே எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

அவர் மூலமாகத்தான் எனக்கு முற்காலப் பாண்டியர்கள் பழக்கம். அப்பாவுக்கு மாறஞ்சடையன் என்று பட்டம் என்றால் மகனுக்குச் சடையமாறன். பேரன் மறுபடியும் மாறஞ்சடையன். கல்லில் அந்தப் பேரைப் பார்த்துவிட்டு, இது தாத்தாவா பேரனா என்று அவருடைய ஆபீஸில் பெரிய பெரிய மனிதர்கள் மேஜையைத் தட்டிச் சண்டை போடுவார்களாம். "வேற பேரே கிடைக்கலையா அந்தக் குடும்பத்துக்கு?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. என் அப்பாவைப் பற்றி அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், பாண்டியனைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. நான் பழனியில் பஞ்சாமிர்தக் கடைக்காரர் மகள். வேலை கிடைத்தது மலைமேல், வடகவுஞ்சிக்குப் பக்கத்தில் சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன ஊரில். ஓராசிரியர் பள்ளி. ஹெட்மிஸ்ட்ரஸும் நானே, மணி அடிக்கிறவளும் நானே, பல்லியை விரட்டுகிறவளும் நானே. ஊரில் ஓடு வேய்ந்த பொதுக் கட்டடம் அது ஒன்றுதான். ஆகவே கிழமை நாளில் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதுவே பஞ்சாயத்து ஆபீஸ். தீர்மானம் எழுதுவதற்கும் என்னையே பிடித்துக்கொண்டார்கள், என் கையெழுத்து உருண்டையாக இருக்கிறதாம். நான் மெம்பர் இல்லை. எழுதலாம், வாயைத் திறக்கக் கூடாது. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று தெரியும்.

அந்தக் கட்டடத்தின் மேல் காப்பி வியாபாரிக்கு ஒரு கண் இருந்தது. அவரும் பஞ்சாயத்து மெம்பர். காப்பி எடுக்கிற மாதங்களில் மலையில் மழையும் மூட்டமும் விடாது, கொட்டையை அடைத்துவைக்க ஈரம் இறங்காத இடம் வேண்டும். கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் அண்ணாந்து ஓட்டைப் பார்ப்பார், காலால் தரையைத் தட்டிப் பார்ப்பார். மாடு பிடிக்கப் போகிறவர் பல்லைப் பார்க்கிற மாதிரி இருக்கும். அந்த ஊரில் பிள்ளைகளை ஒரு மாதம் வீட்டுக்கு அனுப்பினால், அப்புறம் பழம் பறிக்கவும் மாடு பார்க்கவும் போய்விடுவார்கள், திரும்பி வரமாட்டார்கள். கொடைக்கானலிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து வருகையைப் பார்த்தால் பள்ளிக்கூடத்தையே எடுத்துவிடுவார்.

இவ்வளவுக்கும் வியாபாரி வாயைத் திறந்து கேட்காமல் இருந்ததற்குக் காரணம் ஒரு ஆள். குதிரைக்காரர் என்று சொல்வோம். மலையில் விளைகிற காப்பியையும் ஆரஞ்சையும் குதிரை மேல் ஏற்றிப் பழனிக்கு இறக்குவது அவர் தொழில். அவரும் மெம்பர்தான். அவருக்குத் தெரிந்த தீர்மானம் ஒன்றே ஒன்று: "ஆகாது."

பாதைக்குக் கல் போடலாமா? ஆகாது. மாரியம்மன் திருவிழாச் சாட்டுக்கு நாள் குறிக்கலாமா? ஆகாது. குதிரை வாடகையை ஏற்றலாமா என்று ஒருமுறை வந்தது. ஏற்றினால் லாபம் அவருக்குத்தான். "ஆகாது. ஏத்துனா நாளைக்கு எல்லாரும் என்னையத்தான் வைவாக." ஒரு கூட்டத்தில், மழை வருகிற மாதிரி இருக்கிறது, வெரசா முடித்துக்கொண்டு கலையலாம் என்றார் பிரசிடெண்டு. "அதெப்படி ஆகும்?" என்றார் இவர். எல்லோரும் நனைந்துகொண்டுதான் வீட்டுக்குப் போனோம்.

இப்படி இருக்கும்போதுதான் என் வீட்டுக்காரர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஒரு படியைக் கொண்டுவந்தார். ஓரத்தில் கிழிந்துபோனதால் ஆபீஸ் வேண்டாம் என்றுவிட்டது. அவருக்கு மட்டும் தூக்கிப்போட மனசு வரவில்லை. எங்கள் குடிசையில் அதை விரிக்க இடம் ஏது? பள்ளிக்கூடச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு வந்தவர்கள் அதைத்தான் முதலில் பார்த்தார்கள்.

"என்னங்க டீச்சரம்மா, செவுத்துல கரிய அப்பி வச்சிருக்கு?" என்றார் பிரசிடெண்டு.

"பாண்டிய ராஜா காலத்துக் கல்வெட்டுங்க. ஆயிரத்துச் சொச்சம் வருஷம் ஆகுது."

"அப்படியா! எந்த நாட்டை ஜெயிச்சானாம்?"

"நாட்டை ஜெயிச்ச கதை இல்லைங்க. இது ஒரு ஊர்ப் பஞ்சாயத்து போட்ட தீர்மானம்."

அவ்வளவுதான், எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ராஜா என்றால் நமக்கென்ன, பஞ்சாயத்து என்றால் சொந்தக்காரன் ஆயிற்றே. படித்துச் சொல்லச் சொன்னார்கள். வட்டெழுத்து என் கண்ணுக்கு ஜிலேபி பிழிந்த மாதிரிதான் இருக்கும். நல்லவேளை, அவர் ஓரத்தில் நம் எழுத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். வாயைத் திறக்க அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் நான் பள்ளிக்கூடக் குரலிலேயே ஆரம்பித்தேன்.

கொட்டி அறிவித்துச் சபை கூடியதாம். "நம்மளும் தமுக்கு அடிச்சுத்தான கூட்டுறோம்!" என்று ஒருவர் பெருமைப்பட்டார். நிலம் இருக்கிறவன், சாத்திரம் தெரிந்தவன், ஒழுக்கமானவன்தான் சபையில் பேசலாமாம். எல்லோரும் இருமினார்கள். அதற்கு அடுத்த வரிக்கு வந்தபோது எனக்கே நாக்கு ஊறியது. சபையில் எது வந்தாலும் 'அன்று, அன்று' என்று, அதாவது ஆகாது ஆகாது என்று, மறுத்துக் குத்துக்கால் செய்யக் கூடாது. குத்துக்கால் என்றால் முட்டுக்கட்டை போடுவது. அப்படிச் செய்கிறவனுக்கு ஐந்து காசு தண்டம். அவனோடு சேர்ந்து நிற்கிறவனுக்கும் ஐந்து காசு தண்டம்.

அப்புறம் எல்லாத் தலையும் ஒரே திசையில் திரும்பியது. குதிரைக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடப்பாவி! பாண்டியன் காலத்துலயே இருந்திருக்கான்யா ஒருத்தன்!" என்றார் பிரசிடெண்டு. சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று. நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.

காப்பி வியாபாரி மட்டும் சிரிக்கவில்லை. "சிரிக்கிற சோலி இல்லைங்க இது. பாண்டிய ராஜா சீமையில செல்லுபடியான சட்டம் நமக்கு ஆகாதா? இன்னைக்கே தீர்மானம் போடுவோம்" என்றார்.

அஞ்சு காசுக்கு இப்போது பொரிகடலைகூட வராது, அஞ்சு சீப்பு மலைப்பழம் என்று வைத்துக்கொள்வோம், பழம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு என்று முடிவாயிற்று. சேர்ந்து நிற்கிறவனுக்கும் அதே அஞ்சு சீப்பு. எல்லோருக்கும் சம்மதமா என்று பிரசிடெண்டு கேட்டார்.

"ஆகாது" என்றார் குதிரைக்காரர்.

தீர்மானத்தின் மை காய்வதற்குள் முதல் தண்டம் விழுந்துவிட்டது.

அந்த ஐப்பசி வரைக்கும் என் பிள்ளைகளுக்கு நல்ல காலம். கூட்டத்துக்குக் கூட்டம் பழம் வந்தது. மற்ற நாளில் எப்படியோ, திங்கட்கிழமை மட்டும் ஒருத்தர் பாக்கியில்லாமல் பள்ளிக்கு வந்துவிடுவார்கள். ஆனால் குதிரைக்காரருக்கும் இருந்தது ஒரு வாழைத்தோட்டந்தானே, எத்தனை தார்தான் வெட்டுவார்? மெல்ல மெல்ல வாய் அடங்கிவிட்டது. கூட்டத்துக்கு வருவார், சுவரில் சாய்வார், புல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். தீர்மானங்கள் சரசரவென்று நிறைவேறின. மேட்டுப் பாறைக்குப் பக்கத்தில் கிணறு வெட்டுவதாக ஒன்று. வெட்டினார்கள். உள்ளே பாறைதான் இருந்தது. அங்கே தண்ணீர் வராது என்று அவர் முன்னே சொல்லியிருப்பார்தான், ஆனால் அவர் எதற்குத்தான் அப்படிச் சொல்லவில்லை?

கார்த்திகை பிறந்ததும் வியாபாரி தன் காரியத்தை எடுத்தார். வர்ற ஞாயிற்றுக்கிழமை தீர்மானம் கொண்டுவரப் போகிறார், பள்ளிக்கூடத்தை மூன்று மாதம் கிடங்குக்கு எடுத்துக்கொண்டு பிள்ளைகளை மாட்டுக்கொட்டத்துக்கு மாற்றுவதாம் என்று சேதி வந்தது. ஒவ்வொரு மெம்பர் வீடாகப் போய் நின்றேன். "பாப்போம் டீச்சரம்மா" என்றார்கள். "அவரு பெரிய ஆளுல்ல" என்றார்கள். ஒரு வீட்டில் காப்பி கொடுத்தார்கள். அதுவும் அவர் கொட்டைதான். யாரிடமும் கெட்ட மனசு இல்லை. ஆனால் இத்தனை வருஷமும் மறுத்துப் பேசுகிற வேலையைக் குதிரைக்காரரிடமே விட்டுவிட்டதால் மற்றவர்களுக்கு அது பழக்கமில்லை.

வேறு வழியில்லாமல் அவரிடமே போனேன். குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஞாயித்துக்கெழமை நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

"என்ன வார்த்தை?"

"அதான்ணே, உங்க வார்த்தை."

"எனக்கு ஏகப்பட்ட வார்த்தை தெரியுமே. எதைக் கேக்கீங்க?"

என் வாயிலிருந்தே வரவைக்காமல் விடமாட்டார் என்று தெரிந்துவிட்டது. "ஆகாதுன்னு சொல்லணும்ணே" என்றேன்.

"அடேயப்பா! டீச்சரம்மாவே குத்துக்கால் போட ஆரம்பிச்சிட்டாக! அஞ்சு சீப்பு எங்க?" என்று குதிரையின் காதில் சொல்கிற மாதிரி சத்தமாகச் சொல்லிச் சிரித்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அப்புறம் சிரிப்பை நிறுத்தினார். "இந்தக் கொள்ளு யாரு காசுன்னு நெனைக்கீங்க? வருசம் பூரா எங்குதிரை ஏத்துறது அவரு சுமைதான். இவன் வயித்துக்கு நீங்களா போடுவீங்க?"

திரும்பி வந்துவிட்டேன்.

குடிசையில் என் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்திருந்தார், காதெல்லாம் மையோடு. இருந்த கோபத்தை அவர் தலையில் கொட்டினேன். உங்கள் பாண்டியனால் என் பள்ளிக்கூடம் போகப் போகிறது, இந்தக் கிழிசலைக் கொண்டுவந்து தொங்கவிட உங்களை யார் கேட்டது என்று ஆரம்பித்து, கல்யாணத்தன்று தாமதமாக வந்ததுவரைக்கும் போனேன். அவர் தோசையைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கும் அந்தக் கல்லைப் படி எடுக்கறப்ப ஒண்ணு தோணிச்சு," என்றார் கடைசியில். "சும்மா யாரும் இப்படிச் சட்டம் போடமாட்டாங்க. அந்த ஊர்ல நிசமாவே ஒருத்தன் இருந்திருக்கணும்."

"அவன் என்ன ஆனான்?"

"அது கல்லுல இல்ல. தண்டம் போட்டவங்க வெட்டி வச்ச கல்லு அது. அவன் எதுக்கு வேண்டாம்னான்னு அவங்க ஏன் வெட்டப் போறாங்க?"

மனுஷன் வாழ்க்கையில் உருப்படியாகச் சொன்ன ஒன்றிரண்டு வார்த்தைகளில் அது ஒன்று. ஆனால் அன்றைக்கு அதை வைத்து நான் என்ன செய்ய?

ஞாயிறு மத்தியானம் கூட்டத்துக்குத் தமுக்கு அடித்தாயிற்று. சேதி தெரிந்து பிள்ளைகளைப் பெற்றவர்கள் வாசலிலும் ஜன்னலிலும் வந்து நின்றார்கள், பெண்கள்தான் நிறைய. மெம்பர்கள் வந்து உட்கார்ந்தார்கள். குதிரைக்காரர் இடம் காலியாக இருந்தது. போச்சு என்று நினைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தேன். என் பள்ளிக்கூடத்தை மூடுகிற தீர்மானத்தை நானே, என் உருண்டைக் கையெழுத்தில் எழுத வேண்டும்.

அப்போதுதான் வெளியே குளம்புச் சத்தம் கேட்டது. எல்லோரும் எட்டிப் பார்த்தோம். குதிரை வந்துகொண்டிருந்தது. முதுகின் இரண்டு பக்கமும் தார் தாராக மலைப்பழம். காப்பிச் சுமை ஏற்றுகிற மாதிரி இறுக்கிக் கட்டியிருந்தார். ஜன்னல் பக்கம் குதிரையைக் கட்டிவிட்டு, ஒரு தாரைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

வியாபாரி பார்க்காத மாதிரி தீர்மானத்தைச் சொன்னார். மூன்று மாதம், ஊருக்கு வாடகை வரும், பிள்ளைகளுக்குக் கொட்டத்தில் இடம் என்றார்.

"ஆகாது" என்றார் குதிரைக்காரர். தாரிலிருந்து அஞ்சு சீப்பை அறுத்து முன்னால் வைத்தார்.

"சரி, ரெண்டு மாசம்."

"ஆகாது." அஞ்சு சீப்பு.

"ஒத்த மாசம்யா!"

"ஆகாது." ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார், வெளியே இருந்தவர்கள் இன்னொரு தாரை அவிழ்த்துக் கொடுத்தார்கள்.

வியாபாரிக்கு முகம் கறுத்துவிட்டது. "ஏய், ஒனக்குப் புள்ளையா குட்டியா? இந்தக் கட்டடத்தைக் கட்டுறப்பவே ஆகாதுன்னு நின்னவன்தானே நீ?"

"ஆமா, கட்டவே வேணாம்னேன். கேக்காமக் கட்டுனீங்க. ஓடு பூரா எங்குதிரைதான் ஏத்துச்சு. இப்ப மூட வேணாங்கேன்."

"அப்படின்னா நாளையிலேருந்து என் சுமையத் தொடாத."

குதிரைக்காரர் அறுவாளைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் அன்று மட்டும் எந்தக் குறும்பும் இல்லை, அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ஜன்னல் வழியாகக் குதிரையை ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

அந்த வாயில் நாங்கள் கேட்ட முதல் சரி அது. அதற்கு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து மூலையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மெம்பர் முழித்துக்கொண்டார். எல்லாக் கூட்டத்திலும் தூங்குகிறவர் அவர். "கொட்டம்னு என்னமோ காதுல விழுந்துச்சே. எந்தக் கொட்டம்?" என்றார்.

"உங்க கொட்டந்தான் மாமா. புள்ளைகளுக்கு."

"எங்கொட்டமா? அப்ப எம்மாட்டை எங்க கட்டுறது, ஒன் வீட்டு அடுப்படியிலயா?" என்று எழுந்தே நின்றுவிட்டார். "நானும் அவன் பக்கம். எங்கணக்கிலயும் அஞ்சு சீப்பு வைப்பா, சாயங்காலம் தாரேன்."

கல்வி மேல் உள்ள பற்றினால் யாரும் பேசவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பேச ஒருவர் துணிந்ததும் வாசலில் நின்ற ஒருத்தி முந்தானையில் மறைத்து வைத்திருந்த பழத்தைக் கொண்டுவந்து குவியலில் வைத்தாள். பின்னாலேயே இன்னொருத்தி வந்தாள்.

"ஏத்தா, மெம்பர் அல்லாதவக பேசக் கூடாது!" என்று பிரசிடெண்டு கத்தினார்.

"பேசலையே. பழந்தானே வைக்கிறோம்" என்றாள் முதல் ஆள்.

அப்புறம் தடுக்க முடியவில்லை. ஆட்கள் வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்து வந்தார்கள். பழுத்தது, செங்காய், சொத்தை என்று எல்லாம் வந்தது. குவியல் பிரசிடெண்டின் முழங்காலைத் தொட்டது. அவர் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார், அப்புறம் இன்னும் கொஞ்சம். வியாபாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனார்.

"இதை எப்படிங்க எழுதுறது?" என்று கேட்டேன்.

"நெறைவேறுனாத்தானே எழுதணும்? ஒண்ணும் எழுதாதீங்க" என்றார் பிரசிடெண்டு, ஒரு பழத்தை உரித்துக்கொண்டே.

அதனால் அன்றைய தேதிக்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஆயிரம் வருஷம் கழித்து யாராவது எடுத்துப் பார்த்தால், அன்று கூட்டமே நடக்கவில்லை என்றுதான் நினைப்பார்கள்.

மறுநாள் வெள்ளனே பள்ளிக்கூடத்தைத் திறந்தேன். வேறு ஊரிலிருந்து வந்த குதிரைகள் வியாபாரியின் சுமையோடு வரிசையாகப் பழனிப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தன. எங்கள் குதிரைக்காரர் எதிர்த்த மேட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன், காதில் வாங்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய குதிரை மட்டும் ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே நீட்டியது. வாய்ப்பாடு சொல்ல வேண்டிய பிள்ளைகள் பழத்தைத் தின்றுவிட்டுத் தோலை ஒவ்வொன்றாக அதற்கு ஊட்டினார்கள். நான் ஒருவரையும் அதட்டவில்லை. மதியம் வரைக்கும் அது அங்கேயே நின்றது. அதற்கு அன்று வேறு வேலை இல்லை.